அமைதி நெய்பவள்

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைப் படித்தவர்களுக்கு அதில் வரும் மூன்று சூனியக்காரிகள் மறந்திருக்க மாட்டார்கள். இடியும் மின்னலுமான பொட்டல் வெளியில் நின்றுகொண்டு, அரச பதவி உனக்குத்தான் என்று ஒரு நல்ல வீரனுக்கு ஆசை காட்டி, அவன் குடியைக் கெடுக்கிறார்களே, அவர்கள்தாம். நாடகத்தில் அவர்களுக்கு 'வியர்ட் ஸிஸ்டர்ஸ்' என்று பெயர். நான் படித்த நாளில் வகுப்பில் அதற்கு 'விசித்திரமான சகோதரிகள்' என்று பொருள் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். இன்றைய இங்கிலீஷ் வழக்கைப் பார்த்தால் அந்தப் பொருள் சரிதான். ஒருவன் பூந்தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவில் போனால் அதற்கு 'வியர்ட்' என்கிறார்கள்.

ஷேக்ஸ்பியர் அந்தப் பொருளில் எழுதவில்லை. அவருக்குக் கதை கொடுத்தது ஹாலின்ஷெட் என்பவரின் சரித்திரப் புத்தகம். 1577-ல் அது முதன்முதலாக வெளிவந்தது. அந்த மூவரும் விதியின் தேவதைகளாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அங்கே 'வியர்ட்' என்றால் விதி. விதிச் சகோதரிகள்! 1623-ல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டபோதே அந்தச் சொல் தடுமாறியிருக்கிறது. 'வேவர்ட்' என்றும் 'வேயர்ட்' என்றும் மாற்றி மாற்றி எழுத்துக் கோத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் திபால்டு என்ற பதிப்பாசிரியர் பார்த்து அதைத் திருத்தினார்.

ஒரு ஜனசமூகம் தன் விதிக்கு வைத்திருந்த பெயர், பூந்தொட்டி வரைக்கும் எப்படி இறங்கி வந்தது? சொற்களுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது. இந்தச் சொல்லின் ஜாதகத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனவன், எதிர்பாராத ஓர் இடத்தில் ஒரு பெண்ணின் எதிரே போய் நின்றேன். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அவளிடம் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் சரித்திரத்தைக் கடந்தாக வேண்டும்.

*

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியின் ஆட்சி பிரிட்டனில் முடிந்துபோயிற்று. பிறகு வடகடலைத் தாண்டி, இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து ஆங்கிள்கள், ஸாக்ஸன்கள், ஜூட்டுகள் என்ற கூட்டத்தார் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய பாஷைதான் இங்கிலீஷின் தாய். அவர்கள் கும்பிட்ட தெய்வங்களையும் நமக்குத் தெரியும். டியூஸ்டே என்றால் டியூவின் நாள், வெட்னஸ்டே வோடனுக்கு, தர்ஸ்டே இடியின் தெய்வமான துனோருக்கு, ஃப்ரைடே ஃப்ரிக் என்ற தேவிக்கு. காலண்டரைக் கிழிக்கிறவர்கள் எல்லாரும், அறியாமலே வாரத்தில் நான்கு நாள் அந்தப் பழைய தெய்வங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிடுகிறார்கள்.

597-ல் போப் கிரெகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி கென்ட் நாட்டுக் கரையில் வந்து இறங்கினார். அடுத்த நூறு ஆண்டுக்குள் அங்கிருந்த சிற்றரசர்கள் எல்லாரும் கிறிஸ்துவ மதத்தைத் தழுவிவிட்டார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட ரெட்வால்ட் என்ற அரசன், ஒரே கோயிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறிய பீடமும் வைத்திருந்தானாம். பீட் என்ற துறவி தம் சரித்திர நூலில் இதை முகம் சுளித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 731-ல் அவர் அந்த நூலை எழுதி முடித்தார். ரெட்வால்டின் நாட்டில், ஸட்டன் ஹூ என்ற இடத்தில், 1939-ல் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 90 அடி நீளக் கப்பல் ஒன்றின் தடம். அதன் நடுவில் ஓர் அரசனுக்குரிய சீர்வரிசை. தலைக்கவசமும் வாளும் கேடயமும் பழைய முறைப்படி வைத்திருந்தன. கூடவே சிலுவைக் கோலம் போட்ட வெள்ளிக் கிண்ணங்களும், கிரேக்க எழுத்தில் பவுலின் பெயர் பொறித்த கரண்டி ஒன்றும் கிடைத்தன. அங்கே புதைத்தது ரெட்வால்டைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். போகிற இடத்தில் எந்தத் தெய்வம் வரவேற்குமோ, இரண்டுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு போன மனிதர்!

இந்தப் பழைய மதத்தைப் பற்றி அந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் 'ரூன்' என்ற எழுத்து இருந்தது. அதைச் சிறு சிறு வாசகங்களாகப் பொருள்களின் மேல் செதுக்கினார்கள், அவ்வளவுதான். தோலில் மை தொட்டு எழுதியதெல்லாம் மடங்களில் இருந்த கிறிஸ்துவத் துறவிகள். ஆகையால் பழைய நம்பிக்கைகளை நாம் கேட்பது, ஒரு வீட்டின் பரம்பரைக் கதையை அந்த வீட்டை விலைக்கு வாங்கியவர் வாயால் கேட்பதுபோலத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

*

அந்தப் பழைய பாஷையில் சொல்லின் வடிவம் 'விர்ட்'. இகரத்தைச் சொல்லும்போது உதட்டை உகரத்துக்குக் குவிப்பதுபோலக் குவித்தால் அந்தக் காலத்து உச்சரிப்பு ஏறக்குறைய வந்துவிடும். 'ஆகுதல்' என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்தது அது. அந்த வினைக்கும் அடியில் 'திரும்புதல், சுழலுதல்' என்ற பழைய பொருள் இருக்கிறது. ஜெர்மன் பாஷையின் 'வெர்டன்', லத்தீனின் 'வெர்த்தெரே', ஸம்ஸ்கிருதத்தின் 'வ்ருத்' என்ற தாது எல்லாம் ஒரே வேரின் கிளைகள். பரிவர்த்தனை என்றும் ஆவர்த்தனம் என்றும் நாம் வழங்குகிறோமே, அவற்றில் இருக்கும் 'வர்த்' விர்ட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

விதி என்ற சொல்லை நினைத்தால் விதிக்கிற ஒருவரும் உடன் வந்துவிடுகிறார். ஒரு பிரம்மா, ஓர் எழுத்தாணி, ஒரு நெற்றி. ஊழ் என்றாலோ நேற்றைய பிறவியின் கணக்கு ஒன்று பின்னால் நிற்கிறது. விர்ட் என்ற சொல்லுக்குள் எழுதுகிறவரும் இல்லை, கணக்குப் பிள்ளையும் இல்லை. 'ஆனது' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஒருவனுக்கு என்ன ஆயிற்றோ அது அவன் விர்ட். பழைய நூல்களில் சாதாரணமாக 'நிகழ்ச்சி' என்ற பொருளிலும் அது வருகிறது. போரில் ஒருவனை வாரிக்கொண்டு போகும் மரணம் என்ற பொருளிலும் வருகிறது. மிகப் பழைய லத்தீன் சொற்கோவைகளில், ரோமானியரின் மூன்று விதித் தேவதைகளுக்கு நேரே இந்தச் சொல்லைப் பன்மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உடனே பலருக்கு ஸ்காண்டினேவியப் புராணம் ஞாபகம் வரும். உலக மரத்தின் அடியில் ஒரு கிணறு. அதன் கரையில் உர்த், வெர்தாந்தி, ஸ்குல்ட் என்று மூன்று கன்னியர். 'உர்த்' என்பது விர்ட்டின் வடநாட்டு உருவமேதான். ஆனால் அந்தக் கதையை நமக்கு விவரமாகச் சொல்பவர் ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுஸன், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், அவரும் கிறிஸ்துவர். அவர் கதையைத் தூக்கிக்கொண்டு அறுநூறு வருஷம் பின்னால் போய் இங்கிலாந்தின் குடிசைகளில் வைத்துவிடலாமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

யோசிக்காமல் வைத்தவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் பண்டிதர்கள் விர்ட் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் ஒரு பழைய தேவியைக் கண்டார்கள். எரிக் ஸ்டான்லி என்ற அறிஞர் 1960-களில் தொடர்ந்து எழுதி, 1975-ல் புத்தகமாகவும் வெளியிட்டு, அந்த ஆசையை ஒவ்வொரு சுளையாக உரித்துக் காட்டினார். ஆனாலும் ஆசை ஓயவில்லை. 1983-ல் பிரயன் பேட்ஸ் எழுதிய 'விர்ட்டின் வழி' என்ற நாவல் வந்தது. அதன் பிறகு, எல்லா உயிரையும் எல்லாச் செயலையும் ஒரே வலையாக இணைக்கும் 'விர்ட்டின் வலை' என்ற தத்துவம் பலருடைய நாக்கில் புரண்டது. ஒரு நூலைத் தொட்டால் மற்ற நூலெல்லாம் அதிரும். நாம் எல்லாரும் ஒருவரோடொருவர் பின்னிக் கிடக்கிறோம். ஆகையால் கவலைப்படாதே என்கிறது அது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

பழைய ஏடுகளில் அப்படி ஒரு தத்துவம் விரித்துச் சொல்லப்படவில்லை. விதி நெய்தது என்ற பேச்சு ஓரிரண்டு இடங்களில் வருகிறது. இதில் அதிசயமும் இல்லை; ஏனென்றால் அந்தச் சமூகத்தின் ஒவ்வொரு வீட்டிலும் தறி இருந்தது. ஸஃபக் மாவட்டத்து வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் 1965 முதல் தோண்டியபோது, ஸாக்ஸன் குடிசைகளுக்குள் களிமண் வளையங்கள் நிறையக் கிடைத்தன. நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூல் தொய்யாமலிருக்க அடியில் கட்டித் தொங்கவிடும் எடைகள் அவை. செல்வக் குடும்பத்துப் பெண்களின் கல்லறைகளில், ஊடையை அடித்து இறுக்குகிற, வாள் போன்ற இரும்புப் பட்டைகள் கிடைத்திருக்கின்றன. ஆணுக்கு வாள், பெண்ணுக்குத் தறிவாள்! ஆல்பிரட் அரசரின் உயிலில்கூட, ஆண் வழியை 'ஈட்டிப் பக்கம்' என்றும் பெண் வழியை 'கதிர்ப் பக்கம்' என்றும் குறிப்பிட்டிருக்கிறது. கதிர் என்றால் நூல் நூற்கிற கதிர்.

*

அந்த வலையைத் தத்துவத்தில் தேடுவதைவிட, மனிதர்கள் வாழ்ந்த கூடத்தில் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் தட்டுப்படுகிறது.

கென்ட் அரசன் எதல்பெர்ட் சுமார் 600-ல் சட்டம் ஒன்றை எழுதி வைத்தான். இங்கிலீஷ் பாஷையில் எழுதப்பட்டவற்றில் நமக்குத் தெரிந்த முதல் நூலே அதுதான். அதில் மனிதனுக்கு விலை போட்டிருக்கிறது. சுதந்திரமான ஒருவனைக் கொன்றால் 100 ஷில்லிங். கட்டை விரலை வெட்டினால் 20 ஷில்லிங். முன் பல்லை உடைத்தால் 6 ஷில்லிங். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் இன்னொரு வரியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. கொன்றவன் நாட்டை விட்டு ஓடிப்போனால், அவன் பந்துக்கள் பாதி விலையைக் கட்ட வேண்டும். யாரோ ஒரு சித்தப்பா மகன் குடித்துவிட்டுக் கத்தியைத் தூக்கினால், தன் வீட்டில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் கிழவியின் மாடு போகிறது. பணம் கட்டாவிட்டால் பழி. பழிக்குப் பழி. இதுதான் அவர்களுடைய வலை. இதில் பிறந்தவன் எவனும் தன் தலைவிதியைத் தனியாக அனுபவித்துவிட முடியாது.

இந்த வலை எப்படி இறுகுகிறது என்பதைப் 'பேயோவுல்ஃப்' என்ற பெருங்காவியம் காட்டுகிறது. 3182 அடிகள் கொண்ட அந்தக் காவியத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உண்டு. சுமார் 1000-ம் ஆண்டில் எழுதப்பட்டது. 1731-ல் லண்டனில் அது இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, ஓரங்கள் கருகிப்போய்த் தப்பிப் பிழைத்தது. கிரெண்டல் என்ற ராட்சசனையும் அவன் தாயையும் பிறகு ஒரு நெருப்புப் பாம்பையும் வீரன் ஒருவன் கொல்லும் கதை அது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது ராட்சசர்களோடு நிறுத்திக்கொள்ளலாம். வயது வந்தவர்களுக்கு அதில் இன்னும் பயங்கரமான இடங்கள் இருக்கின்றன.

கிரெண்டல் ஒழிந்த சந்தோஷத்தில் டென்மார்க் அரசன் ஹ்ரோத்காரின் மண்டபத்தில் விருந்து நடக்கிறது. பாணன் எழுந்து ஒரு பழங்கதை பாடுகிறான். அது ஹில்டபுர்க் என்ற பெண்ணின் கதை.

ஹில்டபுர்க் டேனிய ராஜகுமாரி. அவளை ஃப்ரிஸிய நாட்டு அரசன் ஃபின்னுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். இப்படி இரண்டு பகை நாடுகளுக்கு நடுவில் கொடுக்கப்படும் பெண்ணுக்குப் பழைய கவிதைகளில் ஓர் அழகான பெயர் உண்டு: 'அமைதி நெய்பவள்'. ஹில்டபுர்க்கைக் கவி அந்தப் பெயரால் அழைக்கவில்லை. ஆனாலும் அவள் வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு மகன் பிறந்து, வளர்ந்து வாள் பிடிக்கும் வயதும் ஆகிவிட்டது. அவள் தமையன் ஹ்னேஃப் தன் ஆட்களோடு தங்கைவீட்டுக்கு வருகிறான். அங்கே சண்டை மூண்டுவிடுகிறது. எதனால் மூண்டது என்று காவியம் விளக்கவில்லை. இந்தச் சண்டையைப் பற்றித் தனியாக ஒரு பாட்டு இருந்தது. அதில் ஒரு துண்டை 1705-ல் ஹிக்ஸ் என்பவர் அச்சிட்டார். அவர் பார்த்த ஏடு பிறகு காணாமற் போய்விட்டது. அந்தத் துண்டிலும் காரணம் இல்லை.

பொழுது விடிந்தபோது அவள் தமையன் இறந்து கிடக்கிறான். அவள் மகனும் இறந்து கிடக்கிறான். மகன் தகப்பன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், மாமன் எதிர்ப்பக்கத்தில். இரண்டு தரப்பிலும் மேற்கொண்டு சண்டை போட ஆள் இல்லை. ஆகையால் சமாதானம் செய்துகொள்கிறார்கள். டேனியருக்கு மண்டபத்தில் சமபாதி இடம். பரிசு கொடுக்கும்போது சம மரியாதை. பழைய பகையை ஞாபகப்படுத்தி எவனாவது ஃப்ரிஸியன் வாயைத் திறந்தால் அவனுக்குக் கத்தி. எல்லாம் பிரமாண பூர்வமாக நடக்கிறது. பிறகு சிதை அடுக்குகிறார்கள். ஹில்டபுர்க் ஓர் ஆணை இடுகிறாள். தன் மகனின் உடலை, அவன் மாமன் சிதையிலேயே, மாமன் தோளருகில் கிடத்தச் சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் ஒட்ட வைக்க முயன்ற இரண்டு குடும்பங்களும் அந்த நெருப்பில் ஒட்டிக்கொள்கின்றன.

கதை அதோடு முடிந்திருந்தால் போதாதா? கடல் உறைந்துவிட்டது. ஹ்னேஃபின் ஆட்கள் ஊர் திரும்ப முடியாமல், தங்கள் தலைவனைக் கொன்றவனுடைய சோற்றையே குளிர்காலம் முழுவதும் உண்டுகொண்டு அங்கே தங்குகிறார்கள். ஹெங்கெஸ்ட் அவர்களுக்குத் தலைவன். செய்த சத்தியம் ஒரு பக்கம். தலைவனுக்காகப் பழி வாங்கும் கடமை ஒரு பக்கம். வசந்தம் வருகிறது, பனி உருகுகிறது. ஒருவன் வந்து ஹெங்கெஸ்டின் மடியில் ஒரு வாளை வைக்கிறான். பேச்சுக்கு அவசியமில்லை. ஃபின் தன் வீட்டிலேயே வெட்டுப்பட்டுச் சாகிறான். டேனியர்கள் வீட்டிலிருந்த பொன்னையும் மணியையும் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஹில்டபுர்க்கையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கதையைப் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். இதில் வில்லன் யார்? தேடினால் அகப்படவில்லை. ஹ்னேஃப் தன் ஆட்களைக் காத்தான். ஃபின் சமாதானத்தை ஒழுங்காகவே நடத்தினான். ஹெங்கெஸ்ட் ஒரு குளிர்காலம் முழுவதும் பொறுத்திருந்து, பிறகு தன் தலைவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். வாளை மடியில் வைத்தவனும் கடமையைத்தான் செய்தான். ஒவ்வொருவரும் அவரவர் நியாயப்படி நடந்தார்கள். எல்லாருடைய நியாயங்களும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் விழுந்தன. இதற்குத்தான் அவர்கள் விர்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றால், அந்தச் சொல்லுக்கு வானத்து எழுத்தாணி வேண்டியதே இல்லை.

*

பாட்டு முடிந்தவுடன் காவிய கர்த்தா செய்யும் காரியம் மிகவும் நுட்பமானது. பாணன் உட்கார்ந்ததும், ஹ்ரோத்காரின் ராணி வெயால்தெயோ பொன் முடியோடு மண்டபத்துக்குள் வருகிறாள். அரசனும் அவன் தம்பி மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தன் சிறு பிள்ளைகளை அந்த மைத்துனர் மகன் கைவிட மாட்டான் என்று அவள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொள்கிறாள். எந்தத் தாய் அப்படிச் சொல்லிக்கொள்வாள்? பயப்படுகிற தாய்தான். அந்த ராணியின் மகள் ஃப்ரேயாவருவையும், பழைய பகை ஒன்றை ஆற்றுவதற்காக, இங்கெல்ட் என்ற அரசனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள். இது பலிக்காது என்று பேயோவுல்ஃபே பிறகு தன் ஊரில் போய்ச் சொல்கிறான். கல்யாண வீட்டில், செத்துப்போன தகப்பனின் வாளை எதிரியின் இடுப்பில் பார்த்த ஒரு கிழவன் போதும். இளைஞன் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுவான். இந்த இங்கெல்டின் கதையை மடத்துத் துறவிகள் சாப்பாட்டு வேளையில் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும், கிறிஸ்துவின் வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்றும், அல்குவின் என்ற அறிஞர் 797-ல் ஒரு பிஷப்புக்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். துறவிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல கதையை யார்தான் விடுவார்கள்?

அந்த விருந்துக் காட்சியில்தான் விர்ட் என்ற சொல்லும் வருகிறது. ராணி பேயோவுல்ஃபுக்கு ஒரு பொன் ஆரத்தைப் பரிசளிக்கிறாள். உடனே கவி, அந்த ஆரம் பிற்காலத்தில் எங்கே போய்ச் சேரப் போகிறது என்று நமக்கு மட்டும் சொல்லிவிடுகிறார். பேயோவுல்ஃபின் அரசனும் மாமனுமான ஹைகெலாக் தன் கடைசிப் படையெடுப்பில் அதை அணிந்திருப்பான். ஃப்ரிஸியரோடு சண்டைக்குப் போய் அங்கே மாள்வான். இது வெறும் கற்பனை அல்ல. அப்படி ஒரு வடநாட்டு அரசன் சுமார் 520-களில் கொள்ளையடிக்க வந்து கொல்லப்பட்டதை, தூர் நகரத்து கிரெகோரி என்ற பிஷப் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஹைகெலாக்கை விர்ட் கொண்டுபோயிற்று என்று சொல்கிற கவி, அதே வாக்கியத்தில் அவன் தன் கர்வத்தால் அந்தத் துன்பத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான் என்றும் சொல்கிறார். விதியா, மனிதனின் தவறா என்று நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். அவருக்கு அது இரண்டாகத் தோன்றவே இல்லை.

விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஜனங்களாகவும் அவர்கள் இருக்கவில்லை. சாக வேண்டிய நாள் வந்துவிட்டவனுக்கு அவர்கள் பாஷையில் தனிச் சொல் உண்டு. அந்த நாள் வராதவனை விர்ட் பலமுறை காப்பாற்றிவிடும். ஆனால் அவன் தைரியத்தை விடாமலிருக்க வேண்டும் என்று பேயோவுல்ஃப் தன் பழைய கதையைச் சொல்லும்போது கூறுகிறான். நாள் வந்துவிட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆகையால் தைரியமாக இருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நிபந்தனை விசித்திரமாக இருந்தாலும் நியாயமாக இருக்கிறது.

991-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து மால்டன் என்ற ஊரில் இதற்குப் பரீட்சை நடந்தது. வைக்கிங் கொள்ளைக்காரர்கள் ஒரு தீவில் வந்து இறங்கியிருந்தார்கள். கரைக்கு வர, கடல் வற்றும்போது மட்டும் தெரியும் ஒரு குறுகிய பாதைதான் உண்டு. பிரித்நோத் என்ற முதிய தலைவர் அதை அடைத்துக்கொண்டு நின்றார். கொள்ளைக்காரர்கள் வழி கேட்டார்கள்; அவர் பெருமிதத்தால் விட்டுவிட்டார். விழுந்ததும் அவர்தான். அப்போது காட்ரிக் என்ற ஒருவன் தலைவருடைய குதிரையிலேயே தாவி ஏறி ஓடினான். குதிரையை அடையாளம் கண்ட பலர், தலைவரே ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டு கலைந்துபோனார்கள். ஒருவனின் கால் ஓர் அங்கவடியில் பட்டதும் ஒரு சேனை அவிழ்ந்துவிட்டது! மிஞ்சிய சிலர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, தலைவர் பக்கத்தில் விழுந்து மடிந்தார்கள். இதைப் பாடிய கவிதையும் 1731-ம் ஆண்டுத் தீயில் எரிந்துபோயிற்று. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு ஒருவர் எடுத்துவைத்த நகல் இருந்ததால் நாம் அதைப் படிக்கிறோம். அந்தப் போரின் பயன் என்ன என்று கேட்டால், அதே ஆண்டில் வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு கப்பம் கட்டியதாகச் சரித்திரக் குறிப்பு இருக்கிறது.

*

புதிய மதம் வந்தபோது இந்தச் சொல்லை என்ன செய்வது என்று அதற்கும் தெரியத்தான் இல்லை.

627-ல் நார்த்தம்பிரியாவின் அரசன் எட்வின் மதம் மாறலாமா என்று சபையைக் கேட்டான். ஒரு பிரபு எழுந்து சொன்ன உவமையைப் பீட் எழுதி வைத்திருக்கிறார். குளிர்கால இரவில் நெருப்பு எரியும் மண்டபத்துக்குள் ஒரு வாசல் வழியாகக் குருவி நுழைந்து, மறு வாசல் வழியாக வெளியே போய்விடுகிறது. மனித வாழ்வும் அப்படித்தான். முன்னும் பின்னும் இருட்டு. அந்த இருட்டைப் பற்றிப் புதிய மதத்துக்கு ஏதாவது தெரியுமானால் கேட்போமே என்பது அவர் வாதம். குருவிக் கதை பிரசித்தமானது. ஆனால் ஹில்டபுர்க்கைத் தெரிந்துகொண்ட பிறகு அதைப் படித்தால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அந்தக் குருவி தனியாக வந்து தனியாகப் போகிறது. மண்டபத்தில் யாரும் அதைக் கல்யாணம் செய்து கொடுக்கவில்லை. மனிதர்களுக்கு அந்தச் சௌகரியம் ஏது?

ஆல்பிரட் அரசர் 871 முதல் 899 வரை ஆண்டார். போயீதியஸ் என்ற ரோமானியர் சுமார் 524-ல் சிறையில் மரணத்தை எதிர்நோக்கி எழுதிய தத்துவ நூலுக்கு ஆல்பிரட் பெயரால் ஒரு மொழிபெயர்ப்பு வழங்கி வருகிறது. அவரே செய்ததுதானா என்று இன்று அறிஞர்கள் சந்தேகிக்கிறார்கள். செய்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். விர்ட் என்று நாம் சொல்வது, கடவுள் நாள்தோறும் செய்யும் காரியமே என்று அவர் அந்தச் சொல்லுக்கு ஞானஸ்நானம் செய்துவைக்கிறார். பிறகு மூல நூலில் இல்லாத ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அச்சு அசையாமலிருந்து வண்டியைத் தாங்குகிறது; அது கடவுள். அச்சை ஒட்டிய குடம், நல்லவர்கள். ஆரக்கால்கள் நடுத்தரமானவர்கள், ஒரு முனை குடத்தில், மறு முனை வட்டையில். வெளியே இருக்கும் வட்டைதான் சேற்றிலும் கல்லிலும் அடிபடுகிறது. ஆனால் வட்டையும் ஆரக்கால் மூலமாகக் குடத்தையும், குடம் மூலமாக அச்சையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுழலுதல் என்ற வேரிலிருந்து பிறந்த சொல்லுக்குச் சக்கரத்தையே வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்!

1066-ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அரசவையில் ஃபிரெஞ்சு பேச ஆரம்பித்தார்கள். நாளடைவில் விதிக்கு 'ஃபார்ச்சூன்', 'டெஸ்டினி' என்ற பட்டுச் சட்டை போட்ட சொற்கள் வந்தன. பழைய சொல் வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் போய் ஒதுங்கியது. அங்கிருந்து ஹாலின்ஷெட், அங்கிருந்து மாக்பெத். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிகள் அதற்கு 'அமானுஷ்யமான' என்ற பொருள் கொடுத்தார்கள். ஜனங்கள் அதை 'விசித்திரமான' என்று இறக்கிக்கொண்டார்கள். அதன் கூட்டாளியான 'டூம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் அதற்குத் தீர்ப்பு என்றும், நல்லவன் பின்னால் நிற்கும் கீர்த்தி என்றும் பொருள். இப்போது அழிவு என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எல்லாரும் எல்லாரோடும் இணைந்திருக்கிறோம் என்று இந்தக் காலத்தில் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது உண்மைதான். ஆனால் பழைய இங்கிலாந்துக்காரர்கள் அந்த உண்மையை ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் அறிந்த இணைப்பில் ஒவ்வொரு முடிச்சும் யாராவது ஒருவர் கழுத்தில் இருந்தது. பெரும்பாலும் அந்தக் கழுத்து, சண்டையைத் தொடங்கவும் நிறுத்தவும் அதிகாரம் இல்லாத ஒருத்தியுடையது.

அந்தக் காவியத்தில் வீரர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். ஹில்டபுர்க் நேராகப் பேசுவதாக ஒரு வாக்கியமும் இல்லை. மகனை எங்கே கிடத்த வேண்டும் என்று ஆணையிட்டாள், சிதையருகில் புலம்பினாள் என்று கவி சொல்கிறார். கப்பல் டென்மார்க் போய்ச் சேர்ந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. பிறந்த வீட்டில் அவளுக்கும் ஒரு தறி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் உட்கார்ந்து அவள் மறுபடியும் எதையாவது நெய்திருப்பாள்.